இரண்டாவது முறையாக வந்திருக்கும் பதவி உயர்வு: போவதா, மறுப்பதா?

அரசலாறு (இழையைத் தொடங்கியவர்)
மார்ச் 4, இரவு 10:12

வங்கி வேலையில் இருப்பவர்களும் இருந்தவர்களும் படித்துப் பதில் சொல்லுங்கள். மற்றவர்களும் சொல்லலாம், இது வங்கியைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை.

எனக்கு 40 வயது. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கத் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் நிறுவனம் 2011-ல் முதன்முதலாக நடத்திய எழுத்தர் தேர்வில் தேறி, 2012-ல் ஒரு பொதுத்துறை வங்கியில் சேர்ந்தேன். கும்பகோணத்தைச் சுற்றி மூன்று கிளைகளில் பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. பணம் வாங்குவது, கொடுப்பது, நகைக்கடன், பாஸ்புக், ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்று என்று கவுண்டரில் பார்க்காத வேலை இல்லை. வங்கி ஊழியர்கள் எழுதும் தொழில்முறைத் தேர்வுகளான ஜேஏஐஐபி, சிஏஐஐபி இரண்டையும் மகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்து முடித்தேன்.

2018-ல் அதிகாரிப் பதவி உயர்வுக்கான தேர்விலும் நேர்காணலிலும் தேறினேன். அப்போது மாமனார் படுக்கையில் இருந்தார், மகள் இரண்டாம் வகுப்பு. மறுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுத்தவர்கள் சில ஆண்டுகள் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. மாமனார் 2020-ல் காலமானார். இப்போது மீண்டும் எழுதித் தேறியிருக்கிறேன். பட்டியல் வந்த அன்று கிளையில் எல்லாரும் கைகொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து குக்கரை அடுப்பில் ஏற்றியபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

இந்த முறை தேறியவர்களைத் தமிழ்நாட்டுக்கு வெளியே அனுப்பப் போகிறார்கள். எந்த ஊர் என்று பிறகுதான் தெரியும். கணவர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர், அவரால் வர முடியாது. மகள் ஒன்பதாம் வகுப்பு, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. மாமியாருக்கு 71 வயது, சர்க்கரை நோய் உண்டு. இரவு இன்சுலின் ஊசியை நான்தான் போடுகிறேன். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதுதான் பெரிய கவலை.

கணவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் போக ஆசையாக இருக்கிறது. கடன் விண்ணப்பத்தைப் படித்து, ஆளைப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும் மேசையில் ஒருமுறையாவது உட்கார வேண்டும். ஆசைப்படும்போதே குற்றம் செய்வதுபோலவும் இருக்கிறது. சம்மதக் கடிதம் கொடுக்கப் பத்து நாள்தான் இருக்கிறது.

---

சோலைக்கிளி_27
மார்ச் 4, இரவு 10:40

போங்கள் அக்கா. என் அம்மா போகவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறார், கேட்கும் எங்களுக்குத்தான் பாரமாக இருக்கிறது.

---

மலைக்கோட்டை
மார்ச் 4, இரவு 11:25

சம்பளக் கணக்கைச் சொல்கிறேன், இதைப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது.

2024 மார்ச் 8-ல் கையெழுத்தான 12-ஆவது இருதரப்பு ஒப்பந்தப்படி (வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் செய்துகொள்ளும் ஊதிய ஒப்பந்தம்) எழுத்தரின் அடிப்படைச் சம்பளம் 24,050-ல் தொடங்கி 64,480 வரை போகிறது. முதல் நிலை அதிகாரிக்கு 48,480-லிருந்து 85,920 வரை. பார்த்தவுடன் பெரிய தாவல்போலத் தெரியும். ஆனால் பதின்மூன்று ஆண்டு வருடாந்திர உயர்வு, பட்டப்படிப்புக்கும் ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகளுக்கும் கிடைத்த கூடுதல் ஊதிய உயர்வுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் நீங்கள் எழுத்தர் அளவுகோலின் உச்சிக்கு அருகே வந்திருப்பீர்கள். அதிகாரி அளவுகோலில் அதற்கு ஈடான படியில் வைப்பார்கள். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் கையில் வரும் தொகை பெரிதாகக் கூடாது. வெளியூரில் இன்னொரு குடித்தனம், போக்குவரத்து, வீட்டில் சமையலுக்கு ஆள் என்று கழித்தால் குறையவும் கூடும். அதிகாரிக்கு மிகைநேர ஊதியமும் கிடையாது.

பலன் தெரிவது பின்னால்தான். எழுத்தராக இருந்தால் உச்சியைத் தொட்டபின் ஆண்டுதோறும் உயர்வு கிடைக்காது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேக்கநிலை உயர்வு மட்டுமே. அதிகாரியாக இருந்தால் அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என்று வழி திறந்திருக்கும். உங்களுக்கு இன்னும் இருபது ஆண்டு பணி இருக்கிறது. உடனடிப் பணத்துக்காகப் போகாதீர்கள். அந்த மேசைக்காக என்றால் போகலாம்.

---

நகைக்கடன் கவுண்டர்
மார்ச் 5, காலை 6:50

தங்கையே, நான் மூன்று முறை மறுத்தவள். 54 வயது, இன்றும் எழுத்தர்தான். எல்லாரும் உங்களைப் போகச் சொல்லும் முன் என்னையும் கேட்டுவிடுங்கள்.

என்னைப் பார்த்து "வளராமல் தேங்கிவிட்டாள்" என்று சொன்னவர்கள் உண்டு. என்னோடு சேர்ந்து, உதவி மேலாளராகி, மேலாளராகி, வட்டார அலுவலகம் போனவர்களே சொன்னார்கள். எனக்கு அது வலித்தது. கொஞ்ச நாள் அதை நானே நம்பவும் செய்தேன்.

ஆனால் என் கவுண்டருக்கு வந்து பாருங்கள். ஆடி மாதம் விதைப்புக்கு நகையைக் கொண்டுவந்து, தை அறுவடை முடிந்ததும் மீட்டுப்போகும் குடும்பங்கள் இருக்கின்றன. எந்த வளையல் எந்தப் பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து வந்தது என்பதுவரை எனக்குத் தெரியும். ஏல அறிவிப்பு போகும் முன் வீட்டுக்குத் தகவல் அனுப்பி, வட்டியையாவது கட்டச் சொல்லி, அடகைப் புதுப்பிக்கவைத்து எத்தனையோ நகைகளைக் காப்பாற்றியிருக்கிறேன். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறிப்போகும் அதிகாரியால் இதைச் செய்ய முடியாது, அவர் ஊரைப் புரிந்துகொள்வதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிடும். கிளைக்குப் புதிதாக வரும் மேலாளர்கள் முதல் வாரம் என் நாற்காலி அருகில்தான் வந்து நிற்பார்கள்.

இதுவும் வளர்ச்சிதான் என்று நெஞ்சாரச் சொல்கிறேன். நான் மறுத்தது யாருக்காகவும் இல்லை, இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நீங்களோ போக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசை இருந்தும் மறுப்பது வேறு. அந்த வித்தியாசத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

நெல்லிமரம்
மார்ச் 5, பிற்பகல் 1:15

"உன் இஷ்டம்" என்ற இரண்டு சொல்லைப் படித்ததும் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுத வந்தேன்.

என் மனைவி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதேபோல் ஒரு வாய்ப்பு வந்தது. நான் அதே சொல்லைத்தான் சொன்னேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நினைத்தேன். நண்பர்களிடம்கூட, "நான் தடுக்கவே இல்லை" என்றேன். அவர் போகவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து வேறு ஏதோ சண்டையில் அது வெளியே வந்தது. "பால்காரருக்கு யார் சொல்வது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது, உங்கள் அம்மாவிடம் யார் பேசுவது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? இஷ்டம் என்னுடையது என்று சொல்லிவிட்டு, அத்தனை கஷ்டத்தையும் என் தலையிலேயே வைத்தீர்கள்" என்றார். எனக்குப் பதில் இல்லை. தடுக்காமல் இருப்பதையே துணை என்று நான் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் சமையலறையில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். 39 வயதில் வீட்டு வேலை கற்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எங்கள் திருமணத்தை அதுதான் காப்பாற்றியது.

உங்கள் கணவரிடம் "போகட்டுமா" என்று கேட்காதீர்கள். "நான் போனால் இரவு ஒன்பது மணிக்கு ஊசி யார் போடுவது" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு "உன் இஷ்டம்" என்று பதில் சொல்ல முடியாது.

---

பழைய லெட்ஜர்
மார்ச் 5, இரவு 9:30

அம்மா, நான் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். 1984-ல் எழுத்தராக மாயவரத்தில் சேர்ந்தேன். 1991-ல் அதிகாரியாகி ஒடிசாவில் பாலசோர் பக்கம் ஒரு கிராமக் கிளைக்குப் போனேன். சென்னையிலிருந்து கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறினால் ஏறக்குறைய ஒரு நாள் பயணம். இறங்கியபோது ஒடியாவில் ஓர் எழுத்து தெரியாது, இந்தியும் அரைகுறை.

அங்கே நான் கற்றது ஏராளம். எழுத்தராக இருந்தவரை லெட்ஜரில் பதிந்த தொகை சரியா என்று மட்டும் பார்த்தவன். அங்கே பயிர்க்கடன் கேட்டு வந்தவரின் வயலில் போய் நின்றேன். படிவத்தில் இரண்டு ஏக்கர் என்று இருக்கும், நிலத்தில் பாதி மணல் மூடிக் கிடக்கும். கொடுப்பதா? கொடுத்து வராமல் போனால் என் கையெழுத்து. கொடுக்காவிட்டால் அவர் கந்துவட்டிக்காரரிடம் போவார். அந்த மாதிரி இரவுகளில்தான் நான் ஆளானேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்திப்பூர் கடற்கரைக்குப் போவேன். அங்கே வற்றும்போது கடல் ஐந்து கிலோமீட்டர் வரை உள்ளே போய்விடும். தண்ணீர் இருந்த இடத்தில் நடந்துபோகலாம். நான் நடந்துபோய் அழுதிருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மனைவியையும் இரண்டு பெண்களையும் ஊரில் விட்டிருந்தேன். எஸ்டிடி பூத்தில் ஞாயிறு இரவு கட்டணம் குறைந்த நேரத்தில் வரிசையில் நின்று நாலு நிமிடம் பேசுவேன். மற்றபடி இன்லண்ட் கடிதம். நாலு ஆண்டு முடிந்து திரும்பியபோது சின்னவளுக்கு ஐந்து வயது. நான் வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொள்வாள். தானாக "அப்பா" என்று கூப்பிட எட்டு மாதம் ஆயிற்று.

ஆனால் எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. போகும் முன் மனைவியிடம் நான் கேட்கவே இல்லை. உத்தரவு வந்தது என்று தெரிவித்தேன், அவ்வளவுதான். "குடும்பத்துக்காகத்தானே போகிறேன்" என்று சொல்லிக்கொண்டேன். அவளுக்கு அந்தப் பணம் வேண்டுமா, நான் வேண்டுமா என்று அவள் வாயால் சொல்ல இடம் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் போ என்றே சொல்லியிருப்பாள், அவள் சுபாவம் அப்படி. கேட்டிருந்தால் அந்த நாலு ஆண்டும் எங்கள் இருவருடையதாக இருந்திருக்கும். இப்போது அவள் இல்லை.

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மாமியாரை விட்டுப் போவது எப்படி என்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? நீங்கள் கேட்டதாக ஒரு வரியும் அதில் இல்லையே அம்மா.

---

அரசலாறு
மார்ச் 5, இரவு 11:05

ஐயா, உங்கள் கடைசி வரி சுருக்கென்று தைத்தது. கேட்கவில்லை. கேட்டால் "போ" என்று கடமைக்குச் சொல்லிவிட்டு உள்ளுக்குள் நொந்துபோவார் என்று பயம். 2018-லும் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பதவி உயர்வு வந்ததே தெரியாது. நானாக மறுத்துவிட்டு, நானாக அதை மனத்தில் வைத்துக்கொண்டு, சமையலறையில் ஏதாவது ஒரு சொல் விழும்போதெல்லாம் "உங்களுக்காகத்தானே விட்டேன்" என்று உள்ளுக்குள் பொருமியிருக்கிறேன். ஏழு ஆண்டுகளாக, அவருக்குத் தெரியாத ஒரு கடனை அவர் பெயரில் எழுதி வைத்து வட்டி போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

---

தேரிமணல்
மார்ச் 6, அதிகாலை 4:20

இரவுப் பணியில் இருந்து எழுதுகிறேன். நான் செவிலியர். மஸ்கட்டில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். போகும்போது மகனுக்கு ஒன்பது வயது, என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

போனது தவறு என்று சொல்லமாட்டேன். வீட்டுக்கடன் அடைந்தது, தங்கை படித்தாள், நானும் அவசர சிகிச்சைப் பிரிவில் தனியாக முடிவெடுக்கக் கற்றேன். தவறு செய்தது தொலைபேசியில். தினமும் பேசினேன். "சாப்பிட்டாயா? படித்தாயா? பாட்டியைப் படுத்தாமல் இருந்தாயா?" இவ்வளவுதான் கேட்டேன். அவன் "ம்", "ஆமாம்" என்று பதில் சொல்லப் பழகிவிட்டான். ஒருநாள் பள்ளியில் அவனை யாரோ தள்ளிவிட்டுப் பல் உடைந்ததைக்கூட மூன்று மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். கேட்டால், "நீங்கள் அதைக் கேட்கவில்லையே" என்றான்.

போவதானால் மகளோடு எப்படிப் பேசப்போகிறீர்கள் என்பதைப் போகும் முன்பே அவளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

---

நகைக்கடன் கவுண்டர்
மார்ச் 6, இரவு 8:10

தேரிமணல், உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சென்னையில் இருக்கும் என் மகனுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்று கேட்காமல் பேச எனக்கு நாலு நிமிடம் ஆயிற்று.

---

அரசலாறு
மார்ச் 12, இரவு 10:45

நாளை மறுநாள் கடைசி நாள். நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் அக்கறையோடு எழுதியதற்கு இதுதான் என்னால் செய்ய முடிந்த மரியாதை.

முதலில் அத்தையிடம் கேட்டேன். ஞாயிறு காலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். 2018-ல் வந்ததையும் சேர்த்துச் சொன்னேன். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் என்னிடம் சொல்லவில்லை" என்று கோபித்தார். உண்மையான கோபம். "நான் என்ன உன் கால்விலங்கா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

அப்புறம் அவர் சொன்னதுதான் நான் எதிர்பார்க்காதது. சுவாமிமலையில் இருக்கும் அவருடைய தங்கை தனியாக இருக்கிறார். மூன்று ஆண்டுகளாக "வந்து என்னோடு சில மாதம் இரு" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். இவருக்கும் போக ஆசை. "நீ ஏழு மணிக்கு வருகிறாய், குழந்தை நாலரைக்கே வந்துவிடுகிறாள். நான் போய்விட்டால் பூட்டிய வீட்டுக்கு வருவாளே என்று இருந்துவிட்டேன். உனக்காகத்தான் போகவில்லை" என்றார்.

நான் அவருக்காக இருந்திருக்கிறேன். அவர் எனக்காக இருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல். கீரையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

கணவரிடம் நெல்லிமரம் சொன்னபடியே ஊசியைப் பற்றிக் கேட்டேன். உடனே பதில் வரவில்லை. மறுநாள் இரவு, "எனக்கு ஊசி என்றால் பயம், அதனால்தான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை" என்றார். பதினாறு ஆண்டு வாழ்ந்திருக்கிறோம், எனக்கு இது தெரியாது. அன்றே ஆரம்பித்தோம். முதலில் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினார். நேற்று அத்தைக்கு அவரே போட்டார். நான் பக்கத்தில் நின்றேன், கையை நீட்டவில்லை. அத்தை "நீ போடுவதைவிட வலிக்கவில்லை" என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மகள்தான் கடினம். "போகாதே" என்றாள். "பத்தாம் வகுப்பு முடிந்து போ" என்றாள். சமாதானம் சொல்லவில்லை, ஏனென்றால் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓராண்டு தள்ளிப்போட வங்கியில் வழியில்லை என்பதைச் சுற்றறிக்கையைக் காட்டி விளக்கினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். இரவு ஒன்பதே காலுக்குப் பேச வேண்டும். மதிப்பெண் பற்றி அவளாகச் சொன்னால் ஒழிய நான் கேட்கக் கூடாது. பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் நான் விடுப்பில் வீட்டில் இருக்க வேண்டும். கடைசி வரி: "எனக்குச் சம்மதம் இல்லை, ஆனால் நீ போகலாம்."

அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் சம்மதம் இல்லை. சம்மதம் இல்லாததைச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்பதையும், அதைக் கேட்டபின்பும் முடிவு என்னுடையதுதான் என்பதையும் ஒரே நேரத்தில் சுமப்பது பாரமாக இருக்கிறது. யார் பெயரையும் சொல்லி இதிலிருந்து தப்பிக்க முடியாது. நாளை காலை சம்மதக் கடிதம் கொடுக்கிறேன்.

---

மலைக்கோட்டை
மார்ச் 13, காலை 7:30

இரண்டு வார விடுப்பை இப்போதே கணக்கில் வையுங்கள். மார்ச் கடைசியில் ஆண்டுக் கணக்கு முடிப்பு, பொதுத்தேர்வும் அதையொட்டித்தான் வரும். சேர்ந்த முதல் வாரமே மேலாளரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள், பிப்ரவரியில் போய்க் கேட்டால் கிடைக்காது.

---

நெல்லிமரம்
மார்ச் 13, இரவு 9:00

உங்கள் கணவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பயத்தை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு ஆண்டு ஆயிற்று, அவருக்கு ஒரே நாள்.

---

அரசலாறு
ஏப்ரல் 22, இரவு 9:50

உத்தரவு வந்துவிட்டது. ஆந்திராவில் விஜயநகரம் மாவட்டம், ஒரு கிராமக் கிளை. மே முதல் வாரம் சேர வேண்டும். ஒன்பதே கால் பேச்சைப் பழகிப் பார்ப்போம் என்று மகள் சொன்னதால், இன்று மாடியிலிருந்து கீழே இருக்கும் அவளுக்குப் போன் செய்து இருபது நிமிடம் பேசினேன். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டதைப் பற்றி.

பழைய லெட்ஜர் ஐயா, நீங்கள் மொழி தெரியாமல் போய் இறங்கியவர். எனக்குத் தெலுங்கு எழுத்துகூடத் தெரியாது. பத்து நாளில் எதிலிருந்து தொடங்குவது?

---

பழைய லெட்ஜர்
ஏப்ரல் 23, காலை 5:40

அம்மா, எழுத்து பிறகு. முதலில் எண்களைக் காதுக்குப் பழக்குங்கள். ஒடிசாவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு விசாகப்பட்டினத்தில் இருந்தேன், அதனால் கொஞ்சம் தெரியும். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது. நூறுக்கு "வந்த", ஆயிரத்துக்கு "வெய்யி". கவுண்டருக்கு வருபவர் தொகையைச் சொல்லும்போது உங்களுக்குப் புரிந்துவிட்டால் முதல் நாளே உங்களை நம்புவார்கள்.

அடுத்து, "உங்கள் பெயர் என்ன" என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். "மீ பேரு ஏமிட்டி?" பேரு என்பது நம் பேர்தான், மறக்காது. மற்றதை அவர்களே கற்றுக்கொடுப்பார்கள். அங்கே மே மாதம் மாம்பழக் காலம். முதல் விடுமுறைக்கு வரும்போது பிள்ளைக்கு ஒரு கூடை எடுத்து வாருங்கள்.